எத்தனை தொகுதி, எங்கே கோடு: கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு கணக்கு

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் நான் டீ குடிக்கும் கடையில் எப்போதும் சென்னைச் சேனல்தான் ஓடும். 2025 மார்ச் 22 அன்று தொகுதி மறுவரையறை பற்றி மு.க.ஸ்டாலின் கூட்டிய கூட்டத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கேரளத்தின் பினராயி விஜயனும் தெலங்கானாவின் ரேவந்த் ரெட்டியும் மேடையில் இருந்தார்கள். பக்கத்து பெஞ்சில் இருந்த தென்னந்தோப்புக்காரப் பெரியவர் என்னைக் கேட்டார்: "ஏனுங் தம்பி, நாம எந்தக் கணக்குல வருவோமுங்க? தமிழ்நாட்டு 39 எம்.பி.லயா, கேரளா 20-லயா?"

"20-லதானுங்க."

"சரி, அந்த 20-ல நமக்கு எத்தனைங்க?"

முதல் கேள்வியைப் பற்றித்தான் நாடே பேசுகிறது. இரண்டாவதை யாரும் பேசவில்லை. பாலக்காடு சித்தூர் தாலுகாவில் தமிழ் பேசி வாழும் எங்களுக்கு இரண்டும் வேண்டும். அதனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் எண்ணிக்கை. இப்போதைய மக்களவைப் பங்கீடு 1971 கணக்கெடுப்பின்படி அமைந்தது. 1976-ல் அரசியல் சட்டத்தின் 42-ஆவது திருத்தம் அதை மாற்றக் கூடாது என்று தடை போட்டது. பிறகு 84-ஆவது திருத்தம் 2026-க்குப் பின் வரும் முதல் கணக்கெடுப்பு வரை அந்தத் தடையை நீட்டியது. 1971-ல் கேரளத்தில் ஒரு எம்.பி.க்கு சுமார் 10.7 லட்சம் பேர், உத்தரகண்ட் பிரியாத உத்தரப் பிரதேசத்தில் சுமார் 10.4 லட்சம் பேர். கிட்டத்தட்ட சமம். 2011-ல் கேரளத்தில் 16.7 லட்சம், தமிழ்நாட்டில் 18.5 லட்சம், உத்தரப் பிரதேசத்தில் 25 லட்சம், ராஜஸ்தானில் 27 லட்சத்துக்கு மேல். ராஜஸ்தான்காரரின் ஓட்டுக்கு என் ஓட்டை விட மதிப்பு குறைவு என்பது உண்மையான குறை. அதை நாம் மறுக்கக் கூடாது.

இதற்குச் சொல்லப்படும் வழிகளில் முதலாவது, மொத்தம் 543 என்பதை மாற்றாமல் புதிய மக்கள்தொகைப்படி பிரிப்பது. 2011 எண்களை வைத்து நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். கேரளம் 15, தமிழ்நாடு 32, ஆந்திரம் 22, உத்தரப் பிரதேசம் 90 என்று வருகிறது. பிரிட்டனில் இதைச் செய்தே விட்டார்கள். மொத்தம் 650 இடங்கள் மாறவில்லை, ஆனால் 2024 தேர்தலில் வேல்ஸின் 40 தொகுதிகள் 32 ஆகிவிட்டன. வேல்ஸுக்கு என்று தனிச் சட்டமன்றம் இருக்கிறது, பேரம் பேச வேறு வாசல் உண்டு. நமக்கும் சட்டமன்றம் இருக்கிறதே என்றால், வரிப் பங்கீட்டையும் நதிநீர்ச் சட்டத்தையும் முடிவு செய்யும் இடம் தில்லி.

இரண்டாவது, எந்த மாநிலமும் ஒரு இடத்தைக்கூட இழக்காதபடி அவையைப் பெரிதாக்குவது. கேட்க இனிப்பாக இருக்கும். கேரளத்தின் 20 குறையாமல் இருக்க வேண்டுமானால் மொத்தம் சுமார் 725 ஆக வேண்டும், உத்தரப் பிரதேசம் 120-க்குப் போகும். 20 அப்படியே இருக்கும், ஆனால் அவையில் கேரளத்தின் பங்கு 3.7 சதவீதத்திலிருந்து 2.8-க்கு இறங்கிவிடும். "உங்களுக்கு ஒரு சீட்டும் குறையாது" என்று யார் சொன்னாலும், பங்கு குறையுமா என்று திருப்பிக் கேளுங்கள்.

மூன்றாவது, இன்றைய விகிதத்தை அப்படியே வைத்து எல்லோருக்கும் ஒரே மடங்கில் கூட்டுவது. புதிய மக்களவை மண்டபத்தில் 888 இருக்கைகள் உண்டு. அத்தனையும் நிரப்புவதாக வைத்துக்கொண்டால் கேரளம் 33, தமிழ்நாடு 64, உத்தரப் பிரதேசம் 131. அதே 888-ஐ மக்கள்தொகைப்படி பிரித்தால் கேரளம் 25-ஐத் தாண்டாது, உத்தரப் பிரதேசம் 146-க்கு மேல் போகும். நான்காவது, சென்னைக் கூட்டம் கேட்டதுபோல இன்னும் 25 வருடம் தடையை நீட்டுவது.

என் ஓட்டு மூன்றாவதற்கு. நான்காவதும் அதே விகிதத்தைத்தான் காக்கிறது. ஆனால் 27 லட்சம் பேருக்கு ஒரு எம்.பி. என்ற ராஜஸ்தான்காரரின் சுமையை அது கொஞ்சமும் இறக்காது. மூன்றாவதில் ஓட்டு மதிப்பின் ஏற்றத்தாழ்வு தீராது என்பது தெரிந்ததே, ஆனாலும் எல்லா ஊரிலும் எம்.பி. மக்களுக்குக் கொஞ்சம் கிட்டத்தில் வருவார்.

இங்கே ஒரு இடத்தில் என் வாதமே என்னை நிறுத்தியது. 2008-ல் அமலுக்கு வந்த மறுவரையறையில் கேரளத்துக்குள்ளேயே இதே இடமாற்றம் நடந்தது. மலப்புரம் 12 சட்டமன்றத் தொகுதிகளிலிருந்து 16-க்கு ஏறியது. பத்தனம்திட்டா மாவட்டம் கல்லூப்பாறை, பத்தனம்திட்டா உள்ளிட்ட தொகுதிகளை இழந்து 5-க்கு இறங்கியது. அதை நாம் நியாயம் என்றுதானே ஏற்றுக்கொண்டோம்? அப்புறம் தில்லியில் மட்டும் ஏன் கூடாது? யோசித்துப் பார்த்ததில் ஒரு வித்தியாசம் தெரிகிறது. மலப்புரமும் பத்தனம்திட்டாவும் ஒரே அரசின் கீழ், ஒரே வரவுசெலவின் கீழ் இருக்கின்றன. மாநிலங்களுக்கு இடையே உள்ளது ஒரு ஒப்பந்தம் மாதிரி. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காக நடத்தும் மாநிலம் இடத்தை இழக்கக் கூடாது என்பதற்காகத்தான் 1976-ல் கணக்கை நிறுத்தினார்கள். அந்த வாக்கை நம்பி நடந்தவர்களுக்கு அதையே தண்டனையாகத் திருப்பக் கூடாது.

சரி, பெரியவரின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இது கோட்டைப் பற்றியது.

வாளையாறிலிருந்து கோவிந்தாபுரம் வரை தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி ஒரே நாடா மாதிரி தமிழ் பேசும் ஊர்கள். இந்த நாடா மூன்று சட்டமன்றத் தொகுதிகளில் கிடக்கிறது. வாளையாறு மலம்புழைத் தொகுதி. வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, பெருமாட்டி ஆகியவை சித்தூர். கோவிந்தாபுரம் அடங்கிய முதலமடை நெம்மாறை. மக்களவைக்கு மலம்புழை பாலக்காட்டோடு போகிறது, மற்ற இரண்டும் 2008-ல் பிறந்த ஆலத்தூரோடு. அந்த ஆலத்தூர் எங்கள் வேலந்தாவளம் எல்லையில் தொடங்கி, திருச்சூர் மாவட்டத்துக்குள் புகுந்து, கடற்கரைக்குக் கிட்டத்தில் இருக்கும் குன்னங்குளம் வரை நீள்கிறது. எங்களுக்குத் தலைபோகிற பிரச்சினை பரம்பிக்குளம் ஆழியாறு தண்ணீர். மணக்கடவில் தமிழ்நாட்டிலிருந்து வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. வர வேண்டும், அது மூலத்தறைத் தடுப்பணை வழியாக எங்கள் தோப்புக்கு எட்ட வேண்டும். குன்னங்குளத்துக்காரருக்கு இந்த எண்ணே தெரியாது. அவரைக் குறை சொல்லவில்லை, அவர் கவலை வேறு.

கோடு போடும் முறைகளையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பிரிட்டன் எண்ணுக்கு முதலிடம் தருகிறது. சராசரியிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. சில தீவுகளுக்குச் சட்டத்திலேயே விலக்கு. வெல்ஷ் மொழி வலுவாக இருக்கும் ஆங்கிள்சீ தீவு அதில் ஒன்று. காப்பாற்றியது தீவு என்ற நிலை, மொழி அல்ல. இந்தியாவில் 2002 தொகுதி மறுவரையறைச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு நில அமைப்பு, நிர்வாக எல்லை, போக்குவரத்து, மக்கள் வசதி ஆகியவற்றைப் பார்க்கச் சொல்கிறது. 10 சதவீதம் வரை விலகலை மறுவரையறை ஆணையம் அனுமதித்தது, பஞ்சாயத்துகளை உடைக்கவில்லை. இது பிரிட்டனை விட மனிதர்களுக்கு இணக்கமான முறை என்றே நினைக்கிறேன். ஒரு பஞ்சாயத்து ஆபீஸில் அலையும் மக்களுக்கு ஒரே எம்.எல்.ஏ. என்பது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அந்தப் பட்டியலில் மொழி என்ற சொல் இல்லை.

ஸ்லோவேனியா வேறு வழியில் போனது. 90 பேர் அவையில் இத்தாலி எல்லையோர இத்தாலிய மொழியினருக்கு ஒன்று, ஹங்கேரி எல்லையோர ஹங்கேரிய மொழியினருக்கு ஒன்று. அவர்களுக்குப் பொது ஓட்டும் உண்டு, சிறுபான்மை ஓட்டும் உண்டு. ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் நாட்டில் அது நடக்கும் என்று தோன்றவில்லை. ஆங்கிலோ இந்தியருக்கு இருந்த நியமன இடமே 2020-ல் போய்விட்டது, கேரள சட்டமன்றத்தின் 141-ஆவது நாற்காலி அதோடு போனது.

வெளிநாட்டை விடுங்கள். பக்கத்திலேயே ஒரு ஒப்பீடு இருக்கிறது. இடுக்கி மாவட்டம் தேவிகுளத்தில் தேயிலைத் தோட்டத் தமிழர்கள் ஒரே தொகுதிக்குள் அடர்த்தியாக இருக்கிறார்கள். கட்சிகள் தமிழரையே நிறுத்துகின்றன, 2021-ல் அந்தத் தொகுதி எம்.எல்.ஏ. தமிழில் பதவிப் பிரமாணம் எடுத்தார். சித்தூரில் கிழக்குப் பஞ்சாயத்துகளில் வேட்பாளர்கள் தமிழில் ஓட்டுக் கேட்பார்கள், நோட்டீஸும் தமிழில் வரும். அதற்குப் பிறகு ஐந்து வருடமும் மலையாளம்தான். ஆனால் தேவிகுளத்துக்கு ஒரு விலை உண்டு. எல்லோரையும் ஒரே பெட்டியில் அடைத்துவிட்டால் பக்கத்துத் தொகுதிகளில் யாரும் நம்மைத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. சிதறிக் கிடக்கும்போது நெருக்கமான போட்டியில் மூன்று தொகுதியிலும் நம் ஓட்டு தேவைப்படும். எங்கள் ஊர்க் கட்சிக்காரர்கள் இதைத்தான் சொல்வார்கள்: "பிரிஞ்சு கெடந்தாத்தானுங்க நம்மளத் தேடி வருவாங்க."

நான் அதை ஏற்கவில்லை. தேடி வருவது தேர்தலுக்கு முந்திய மூன்று வாரம்தான். தமிழ்வழிப் பள்ளிக்கு ஆசிரியர் இல்லை என்று சட்டமன்றத்தில் எழுந்து கேட்க, அந்தப் பள்ளிகளின் பெற்றோர் பெரும்பான்மையாக ஓட்டுப் போட்ட ஒருவர் வேண்டும். அடுத்த ஆணையம் வரும்போது முதலமடையைச் சித்தூரோடு சேர்த்து, மேற்கே இருக்கும் பெருவெம்பையும் பொல்புள்ளியையும் பக்கத்துத் தொகுதிகளுக்கு விடலாம். முதலமடை பெருமாட்டியை ஒட்டித்தான் இருக்கிறது, பஞ்சாயத்து எதையும் உடைக்க வேண்டாம். 10 சதவீத வரம்புக்குள் நிற்கிறதா என்பதை மட்டும் புதிய கணக்கெடுப்பு வந்ததும் பார்க்க வேண்டும். 9-ஆவது பிரிவில் மொழியையும் ஒரு வரியாகச் சேர்த்தால், இதைக் கேட்க எங்களுக்குச் சட்டப்படி ஒரு காரணம் கிடைக்கும்.

கேட்டால் நடக்குமா என்பதற்கு என்னிடம் ஒரு சின்ன அனுபவம் உண்டு. 2024-ல் கேரளம் உள்ளாட்சி வார்டுகளை மாற்றி வரைந்தது. ஒரு கிராமப் பஞ்சாயத்துக்குக் குறைந்தது 14, கூடினால் 24 வார்டு என்று சட்டம் திருத்தி, 2011 மக்கள்தொகையை வைத்துப் பிரித்தார்கள். வரைவு வந்தபோது எங்கள் தெருவின் நடுவில் ஓடும் கால்வாய் வார்டு எல்லையாகியிருந்தது. அம்மா வீடு இந்தப் பக்கம், ரேஷன் கடையும் தமிழ்ப் பள்ளியும் அந்தப் பக்கம். எல்லை விவரம் முழுவதும் மலையாளத்தில் இருந்ததால் தெருவில் பாதிப் பேருக்குத் தாங்கள் எந்த வார்டு என்றே தெரியவில்லை. நானும் பக்கத்து வீட்டு அண்ணனும் வீடு வீடாகப் போய் வாசித்துக் காட்டினோம். தமிழில் ஒரு மனு, மலையாளத்தில் அதன் நகல், கையால் வரைந்த தெருப் படம், எழுபதுக்கு மேற்பட்ட கையெழுத்து.

விசாரணையில் அதிகாரி படத்தைத்தான் நெடுநேரம் பார்த்தார். பாலம் எங்கே, எத்தனை வீடு, அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்டார். இறுதி அறிவிப்பில் கோடு கால்வாயிலிருந்து தெருக்கோடி சாலைக்கு நகர்ந்திருந்தது. எல்லை விவரம் மட்டும் கடைசி வரை தமிழில் வரவில்லை. 2025 டிசம்பர் 11 அன்று அம்மா பாலத்தைத் தாண்டி, நான் படித்த பள்ளியிலேயே போய் ஓட்டுப் போட்டு வந்தார்.