எழுதுவது மீடியத்திலா, நிறுவனத்துக்கா?

தொழில்நுட்பக் கட்டுரை எழுதிக் கூடுதலாகச் சம்பாதிக்க நினைக்கும் மென்பொருள் டெவலப்பருக்கு இரண்டு வழிகள். ஒன்று, மீடியம் என்ற வலைப்பதிவுத் தளம் எழுதுபவர்களுக்குக் காசு தர 2017-இல் தொடங்கிய பார்ட்னர் புரோகிராம். அதில் தலைப்பு உங்கள் விருப்பம், கட்டுரையும் உங்களுடையது. ஆனால் பெரும்பாலும் சந்தா கட்டிய உறுப்பினர்கள் படிப்பதைப் பொறுத்தே காசு. டாக்கர் என்ற மென்பொருள் கருவிக்கு இன்னொரு அறிமுகத்தை யார் படிப்பார்கள்?

இரண்டாவது வழியான மென்பொருள் நிறுவனத்துக்கு எழுதுவது வேறு. முதலில் கட்டுரையின் அவுட்லைன் அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும். நல்ல எடிட்டர் உபுண்டு என்ற இயங்குதளம் புதிதாக நிறுவிய சர்வரில், கட்டுரையில் உள்ள ஒவ்வொரு கட்டளையையும் ஓட்டிப் பார்ப்பார். கட்டளையை நிர்வாகி அனுமதியோடு ஓட்ட முன்னால் சேர்க்கும் ‘சுடோ’ என்ற ஒரு சொல் விட்டுப்போனால்கூடக் கட்டுரை திரும்பி வரும். கட்டுரையின் பதிப்புரிமை பெரும்பாலும் நிறுவனத்துக்கே. ஆனால் தொகை முன்பே பேசியது, எத்தனை பேர் படித்தாலும் மாறாது. அமெரிக்க நிறுவனமென்றால் நீங்கள் அமெரிக்கர் அல்ல என்று காட்டும் டபிள்யூ-8பென் என்ற வரிப் படிவம் கேட்பார்கள்.

மாதத் தவணைக்கு உதவ வேண்டுமென்றால் இரண்டாவதையே சொல்வேன். மீடியத்தில் ஓரிரு கட்டுரைகளை முதலில் போட்டு வையுங்கள். உங்கள் எழுத்துக்கு ஒரு மாதிரியை நிறுவனத்தின் எடிட்டர் கேட்கும்போது காட்டலாம்.