பூனையின் சிறுநீர்ப் படிகம்: மெத்தியோனினா, கிரான்பெர்ரியா, சிட்ரேட்டா, வெறும் தண்ணீரா?

பூனையின் சிறுநீர்ப் படிகத்துக்கென விற்கும் "யூரினரி கேர்" டப்பா வாங்குமுன் சிறுநீர்ப் பரிசோதனை அறிக்கையில் ஒன்றைப் பாருங்கள்: இருப்பது எந்த வகைப் படிகம், ஸ்ட்ரூவைட்டா, கால்சியம் ஆக்சலேட்டா? ஸ்ட்ரூவைட் காரச் சிறுநீரில் வளரும், அமிலம் கூடினால் கரையும். ஆக்சலேட் கல்லாகிவிட்டால் எந்த உணவிலும் கரையாது, வெளியே எடுக்கத்தான் வேண்டும். ஒன்றைக் கரைக்கக் கொடுப்பது மற்றதை வளர்த்துவிடலாம்.

சிறுநீர் மாதிரியை அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் கொண்டுபோனால், பூனைக்குள் இல்லாத படிகமும் குளிரில் உருவாகி அறிக்கையில் ஏறிவிடும். இல்லாத நோய்க்குப் பல மாதம் பவுடர் போடுவது இப்படித்தான் தொடங்குகிறது.

ஸ்ட்ரூவைட்டுக்கு வரும் போட்டியில் உண்மையில் வேலை செய்வது டிஎல்-மெத்தியோனின், அதாவது சிறுநீரில் அமிலம் கூட்டும் ஒரு அமினோ அமிலம். சிறுநீரின் பிஎச் அளவை (எண் குறையக் குறைய அமிலம் கூடுதல்) 6.0 முதல் 6.5 வரை இறக்குவதே குறி. ஆனால் மருத்துவர் எழுதித் தரும் யூரினரி உணவு ஏற்கெனவே அமிலம் கூட்டும்படி செய்யப்பட்டது. அதன்மேல் இதையும் தூவினால் ரத்தத்திலேயே அமிலம் ஏறும், சிவப்பணுக்கள் சிதையும். எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து சிறுநீருக்கு வருவதால் ஆக்சலேட்டுக்கும் வழி திறக்கும். குட்டிகளுக்கும் சிறுநீரகம் பழுதான பூனைக்கும் இது கூடவே கூடாது. விட்டமின் சி-யும் இதே வேலைக்கென்று விற்கப்படுகிறது. அதன் அமிலத் திறன் சொற்பம், உடலில் ஒரு பங்கு ஆக்சலேட்டாகவே மாறும். இரண்டில் ஒன்று என்றால் விட்டமின் சி-யை முதலில் ஒதுக்கலாம்.

கிரான்பெர்ரியும், டி-மன்னோஸ் என்ற சர்க்கரை வகையும் சொல்லும் பலன் வேறு: ஈ.கோலை கிருமி சிறுநீர்ப்பைச் சுவரில் ஒட்டாமல் தடுப்பது. பூனையின் ஸ்ட்ரூவைட் பெரும்பாலும் கிருமித் தொற்றே இல்லாமல் வருவது. தடுக்கக் கிருமி இல்லாத இடத்தில் காசுதான் கரையும்.

ஆப்பிள் சைடர் வினிகர் இன்னும் மோசம். அசெட்டிக் அமிலத்தை உடல் எரித்துவிடும், நாக்கில் தெரியும் புளிப்பு சிறுநீருக்குப் போய்ச் சேராது. வாடை பிடிக்காமல் பூனை தண்ணீர்க் கிண்ணத்தையே விட்டுவிடும், சிறுநீர் மேலும் கெட்டிப்படும்.

ஆக்சலேட் பக்கம் பொட்டாசியம் சிட்ரேட். கால்சியத்தைப் பிடித்து வைத்து, சிறுநீரைக் காரமாக்கும். அதனாலேயே ஸ்ட்ரூவைட் பூனைக்கு விரோதி. ரத்தப் பொட்டாசியம் பார்க்காமல் தொடங்கக் கூடாது.

நம் ஊரில் கல்லுக்குச் சொல்லும் சிறுபீளை, நெருஞ்சில், வாழைத்தண்டுச் சாறு? மனிதருக்கான அளவைப் பூனையின் எடைக்கு வகுத்துக் கொடுப்பது கணக்கே ஆகாது. பல பொருள்களை மனிதக் கல்லீரல் முறிக்கும் விதத்தில் பூனையின் கல்லீரலால் முறிக்க முடியாது. நெருஞ்சிலை அதிகம் மேய்ந்த ஆடுகளுக்கே கல்லீரல் கெட்டு, வெயில் பட்ட தோல் வெந்துபோவதுண்டு.

இரண்டு வகைக்கும் பொருந்துவது தண்ணீர் ஒன்றே. 4 கிலோ பூனைக்கு நாளொன்றுக்கு உணவோடு சேர்த்து ஏறக்குறைய 200 மில்லி தேவை. 60 கிராம் டிரை ஃபுட்டில் கிடைப்பது 5 மில்லி அளவு. 85 கிராம் வெட் ஃபுட் பவுச் மூன்று கொடுத்தால் கிண்ணத்தைத் தொடாமலே 200 மில்லியை ஒட்டி வந்துவிடும். திடீரென மாற்றினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், 7 முதல் 10 நாளில் படிப்படியாகக் கலந்து பழக்குங்கள். கோழி வேகவைத்த தண்ணீர் நல்லது, ஆனால் உப்பு, வெங்காயம், பூண்டு போடாமல். பலன் தெரிய சிறுநீரின் ஒப்படர்த்தியை, அதாவது அது எவ்வளவு கெட்டி என்று காட்டும் எண்ணைக் கேளுங்கள். 1.030-க்குக் கீழே வந்தால் சரியான பாதை. 1.050 காட்டினால் எந்த டப்பாவும் ஈடுகட்டாது.

ஆண் பூனை லிட்டர் தட்டில் முக்கி முக்கி உட்கார்ந்து ஒரு சொட்டும் வரவில்லையென்றால் இந்த ஒப்பீடெல்லாம் அப்புறம். சிறுநீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி ஓரிரு நாளில் இதயமே நின்றுவிடலாம். காலை வரை காத்திராமல் அந்த இரவே தூக்கிக்கொண்டு போக வேண்டும்.