கும்பகோணம் வீட்ட வித்த அனுபவம்: நானே எழுதிக் கொடுத்த ரெண்டு பக்கம்

வீடு அப்பா பேர்ல இருந்தது, அப்பா போய் நாலு வருஷம் ஆச்சு, அம்மாவும் அக்காவோட திருச்சிக்குப் போயிட்டாங்க, பூட்டியே கெடக்குதேன்னு விக்க முடிவு பண்ணினோம். நான் மெல்போர்ன்லேருந்து 2025 ஜூன்ல மூணு வார லீவுல வந்தேன். ஆடி பொறந்துட்டா யாரும் பத்திரம் பதிய வரமாட்டாங்க, ஆனிக்குள்ள முடிச்சாகணும்.

வாரிசு சான்றிதழ அக்கா முன்னாடியே இ-சேவைல போட்டு வாங்கி வச்சிருந்தாங்க, அது மட்டும் இல்லன்னா ஒண்ணுமே நடந்திருக்காது. சொத்து மேல கடன், கிரயம் என்னென்ன பதிவாகியிருக்குன்னு காட்டற வில்லங்கச் சான்றிதழ ஆன்லைன்லயே பாத்துக்கலாம், ஆனா எங்க மூலப்பத்திரம் 1958, தாத்தா வாங்குனது, அவ்ளோ பழசுக்கு பத்திர ஆபீஸ்ல மனு போட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது, அந்த ஒரு பேப்பருக்கே எட்டு நாள் போச்சு.

நான் முக்கியமா சொல்ல வந்தது வேற. மெல்போர்ன்ல வீடு விக்கறவங்க, வாங்கறவர் கையெழுத்து போடறதுக்கு முன்னாடியே செக்சன் 32 ஸ்டேட்மென்ட்னு ஒண்ணு கொடுத்தாகணும், வீட்டு மேல இருக்கற கடன், கவுன்சில் வரி, நோட்டீஸ், அடுத்தவங்களுக்கு இருக்கற பாதை உரிமை எல்லாம் அதுல வந்துடும். நம்மூர்ல அப்படி ஒரு ஃபாரமே கிடையாது. ப்ரோக்கர் "கேட்டா சொல்லுங்க தம்பி, கேக்கலன்னா விட்டுடுங்க"ன்னார். எனக்கு மனசு ஒப்பல. வக்கீல்கிட்ட கேட்டேன், 1882 சொத்துரிமை மாற்றுச் சட்டம் 55வது பிரிவுலயே இருக்குன்னார், வாங்கறவர் சாதாரணமா பாத்து கண்டுபிடிக்க முடியாத குறை நமக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லியே ஆகணுமாம், மறைச்சா அது மோசடி. நூத்திநாப்பது வருஷமா சட்டம் இருக்கு, யாருமே சொல்றதில்லயேன்னு வருத்தமா இருந்தது.

அன்னைக்கு ராத்திரியே உக்காந்து ரெண்டு பக்கம் தமிழ்ல எழுதினேன். கொல்லச் சுவர் பக்கத்து வீட்டுக்கும் பொது, கிணத்துக்குப் போற சந்துல அவங்களுக்கும் நடக்கற உரிமை உண்டு, ரேழிக்கு மேல தளம் ஐப்பசி மழைக்கு ஒழுகும், ரெண்டு தடவ ஒட்டுப் போட்டும் நிக்கல. அம்மா பயந்துட்டாங்க, "வெல கொறைஞ்சிடும்டா"ன்னு. வாங்கறவர் முழுசா படிச்சார், மறுநாள் கொத்தனாரோட வந்து பாத்தார், தளத்துக்காக ஒன்றரை லட்சம் கொறச்சுக்கச் சொன்னார், சரின்னோம். அந்த ரெண்டு பக்கத்தயும் கிரய ஒப்பந்தத்தோட சேத்து ரெண்டு தரப்பும் கையெழுத்து போட்டோம்.

சறுக்குனது வரில. அம்மா, அக்கா பங்குக்கு 1% டிடிஎஸ்தான் (வாங்கறவர் நமக்குத் தர்ற பணத்துலயே பிடிச்சு அரசுக்குக் கட்டற வருமான வரி), நான் வெளிநாட்டுல இருக்கறதால என் பங்குக்கு அது செல்லாது, 12.5%, அதுக்கு மேல செஸ்ஸுன்னு கூடுதல் வரியும் உண்டு, அதுவும் லாபத்துக்கு இல்ல, வர்ற தொகை முழுசுக்கும். கொறச்சுப் பிடிக்கணும்னா முன்கூட்டியே வருமான வரித்துறைக்கு ஃபாரம் 13 போட்டு சான்றிதழ் வாங்கியிருக்கணும், நான் வந்தப்புறம்தான் கேள்விப்பட்டேன். பாவம் வாங்குனவர், எனக்காக டேன் நம்பர் (வரி பிடிச்சுக் கட்டறவங்களுக்கான நம்பர்) வேற எடுக்க வேண்டியதாப் போச்சு. நீங்க டிக்கெட் போடறதுக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடியே ஒரு ஆடிட்டரப் புடிச்சு இத ஆரம்பிச்சிடுங்க.

பதிவு ஆனி கடைசி வாரத்துல முடிஞ்சுது. ஐப்பசில வீடு வாங்குனவர் வாட்ஸ்அப்ல ஃபோட்டோ அனுப்பினார், ரேழித் தளம் புதுசா போட்டிருக்கார், ஒழுகலயாம். அம்மாகிட்ட காமிக்கச் சொல்லி அக்காவுக்கு அனுப்பிட்டேன்.