வாடகை வீடு வாங்க யாருக்கெல்லாம் கட்டணம் கொடுக்கலாம்? சென்னை நிலவரம்

வாடகை வருமானத்துக்காக முதல் ஃபிளாட் வாங்குகிறவர்கள் புரோக்கரைப் பிடித்து, டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, பிறகுதான் வக்கீலைத் தேடுகிறார்கள். வரிசையே தலைகீழ். கொடுத்த காசுக்கு முழுப் பலன் தருவது பத்திரங்களைச் சரிபார்த்து வக்கீல் எழுதித் தரும் கருத்தான லீகல் ஒப்பீனியன்தான், அதுவும் அட்வான்ஸுக்கு முன்னால் வாங்கினால்.

லோன் தரும் பேங்க் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடக் கூடாது. பேங்க் வக்கீல் பேங்கின் பணத்துக்குத்தான் காவல். உங்கள் வக்கீல் 30 வருட வில்லங்கச் சான்றோடு (சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) நிறுத்தினால் வேறு ஆளைப் பாருங்கள். பதிவாகாத உயிலோ வாய்மொழிப் பாகப்பிரிவினையோ அதில் வராது. இடம் வேறு சார்பதிவகத்துக்கு மாறியிருந்தால் பழைய அலுவலகத்திலும் தேட வேண்டும்; சர்வே எண் உட்பிரிவு ஆகியிருந்தால் பழைய எண்ணிலும் தேட வேண்டும். தாய்ப் பத்திரம் (சொத்தின் பழைய மூலப் பத்திரம்), வாரிசுச் சான்று, பிரிபடாத பங்கின் (மனையில் உங்கள் ஃபிளாட்டுக்குரிய பங்கு) சதுர அடி மூன்றையும் கேட்டு வாங்குபவரே நல்ல வக்கீல்.

சிவில் இன்ஜினியர் ஒரு தடவை வந்தால் போதும். பாத்ரூமுக்குப் பின்பக்கம் இருக்கும் படுக்கையறைச் சுவரில், தரையிலிருந்து ஒரு அடி உயரம் வரை பெயின்ட் உப்பியிருக்கிறதா என்று அவர் கைவைத்துப் பார்க்க வேண்டும். புதுப் பெயின்ட் அடித்து விற்கும் வீட்டில் இது இன்னும் முக்கியம்.

புரோக்கர் வாடகைக்கு ஆள் பிடிக்க மட்டும். வாடகை ஒப்பந்தத்தை "11 மாசம்னு எழுதினா பதிவு வேண்டாம்" என்று அவர் சொல்வதை நம்பாதீர்கள். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, காலம் எத்தனை மாதமானாலும் எழுத்து ஒப்பந்தம் போட்டு, 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். பதியாத ஒப்பந்தத்தைப் பிறகு சாட்சியமாகக் காட்ட முடியாது.

ஆடிட்டரை வாங்கும் முன்பே ஒரு மணி நேரம் பாருங்கள். விலை 50 லட்சம் தொட்டால் 1% டிடிஎஸ் (விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் முன்கூட்டியே பிடித்துக் கட்டும் வருமான வரி) பிடிப்பது வாங்குபவர் பொறுப்பு. விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தால் இந்த 1% கணக்கு பொருந்தாது. குறைத்துப் பிடித்தால் வரித்துறை உங்களைத்தான் கேட்கும். வருமான வரிக் கணக்கில், வாடகையில் வீட்டு வரி போக மீதியில் 30% கழிவு உண்டு. ரிப்பேர் பில்லைத் தனியாகக் கழிக்க முடியாது.

பராமரிப்பு நிறுவனம் உள்ளூரில் இருப்பவருக்குத் தேவையில்லை. வெளியூர்க்காரர் வைத்துக்கொள்ளலாம், ஆனால் வாடகை நேராக உங்கள் அக்கவுன்டுக்கு வர வேண்டும். கேட்காமல் எவ்வளவு வரை ரிப்பேர் செய்யலாம் என்ற தொகையையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.