வசந்தகால ட்ரவுட்: வெறும் நரம்பா, லெட்கோரா, டவுன்ரிக்கரா?

ஏரியில் பனி உருகிப் படகு இறக்க வழி கிடைத்ததும் ட்ரவுட் மீனுக்கு ட்ரோலிங் (ஓடும் படகின் பின்னால் தூண்டிலை இழுத்துப் பிடிப்பது) கிளம்பும் பலர், கோடையில் ஓட்டிய டவுன்ரிக்கரை (கனத்த குண்டால் தூண்டிலை ஆழத்தில் நிறுத்தும் கருவி) அப்படியே மாட்டிக்கொண்டு போகிறார்கள். என்னைக் கேட்டால் அந்த நேரத்தில் அதற்குப் பெரிதாக வேலையே இல்லை.

தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் அதிக அடர்த்தியாக இருக்கும். பனி போனபின் மேல்தண்ணீர் சூடேறி அந்த 4 டிகிரியைத் தொடும்போது மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் போய்விடும், அப்புறம் நல்ல காற்று அடித்தால் ஏரியே கலந்துவிடும். கோடையில் குளிர்ச்சி தேடி ஆழத்துக்குப் போகிற மீனுக்கு இப்போது அந்தக் கட்டாயம் கிடையாது. முதலில் சூடேறுவது கரையோரமும் ஆழமில்லாத மூலைகளும்தான். ஓடை வந்து விழும் இடத்தில் இரையும் சேரும். ட்ரவுட் அங்கேதான் சுற்றும்.

அதனால் என் ஓட்டு எடையே கட்டாத வெறும் தூண்டில் நரம்புக்கு. சின்ன மீன் வடிவ லூர் (செயற்கை இரை) ஒன்றோ மெல்லிய ஸ்பூனோ (கரண்டி வடிவ உலோக இரை) கட்டி, 30 முதல் 60 மீட்டர் வரை பின்னால் விட்டு, மணிக்கு 3 கிலோமீட்டரை ஒட்டி மெதுவாக இழுத்தால் போதும். இவ்வளவு நீளம் எதற்கு என்றால், ஆழமில்லாத தண்ணீரில் படகைக் கண்டு விலகும் மீன் திரும்பி வர நேரம் வேண்டும். கரையை ஒட்டிப் படகைக் கொண்டுபோக முடியாத இடத்தில் ப்ளேனர் போர்டு என்ற மிதக்கும் பலகையை மாட்டினால் நரம்பு பக்கவாட்டில் விலகிக் கரையோரமாகவே வரும். மீன் மாட்டினால் அதன் இழுப்பு நேராகக் கைக்கு வருவது தனி சுகம்.

லெட்கோர் என்பது உள்ளே ஈயம் வைத்த நரம்பு, 10 கஜத்துக்கு ஒரு நிறமாக மாறி வரும். ஒரு நிறம் விட்டால் சுமார் ஒன்றரை மீட்டர் இறங்கும், வேகம் கூடினால் அதைவிடக் குறையும். வெயில் ஏறி மீன் மூன்று நாலு மீட்டர் ஆழத்துக்குப் போகும் நாட்களில் இரண்டு மூன்று நிறம் விடுவது நல்ல யோசனை. ஆனால் கனமான நரம்பு, சின்ன மீன் மாட்டினால் சரியாகத் தெரியக்கூடத் தெரியாது.

டவுன்ரிக்கர் ஆழத்தைத் துல்லியமாகக் காட்டும், உண்மைதான். மூன்று மீட்டர் தண்ணீரில் அந்தக் கனத்த குண்டைத் தொங்கவிட்டுப் பாறையில் மோதாமல் பார்த்துக்கொண்டே இருப்பது வீண் தலைவலி. வசந்தம் முடிந்து மேல்தண்ணீர் சூடாகி மீன் கீழே தங்க ஆரம்பித்ததும் எடுங்கள்.

எதைக் கட்டினாலும் நேர்கோட்டில் ஓட்டாதீர்கள். வளைந்து திரும்பும்போது வெளிப்பக்க லூர் வேகமெடுக்கும், உள்பக்கத்தது மந்தமாகும். எந்தப் பக்கம் கடி விழுகிறதோ அதற்கேற்ப வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். லெட்கோர் விட்டிருந்தால் மட்டும் திருப்பத்தை அகலமாக எடுங்கள், இல்லாவிட்டால் உள்பக்க நரம்பு தரையில் போய் உட்கார்ந்துவிடும்.