‘ரெண்டு வாரத்துல தானா சாப்பிடும் அக்கா’: கையால் ஊட்டும் கிளிக்குஞ்சு வாங்குகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

எனக்குக் கிளிக்குஞ்சு விற்ற ஆள் நேற்று இரவு என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். பணம் கைக்கு வரும்வரை நாளுக்குப் பத்துத் தடவை ‘அக்கா, அக்கா’ என்று கூப்பிட்டவன். என் இரண்டு மாதச் சம்பளம் அவனிடம் போய்விட்டது. என்னிடம் இருப்பது, நெஞ்சில் தையலோடு துண்டுக்குள் சுருண்டு தூங்கும் ஒரு ஆப்பிரிக்கன் கிரே (சாம்பல் கிளி) குஞ்சு.

பறவை வாங்கி விற்கும் ஒரு ஆன்லைன் தளத்தில் பார்த்த விளம்பரம். தளத்தின் பெயரையும் அவன் பெயரையும் போடவில்லை. போட்டால் பதிவையே எடுக்க வைத்துவிடுவார்கள் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். அந்த ஆள் போனாலும் இதே பேச்சோடு வேறொருவன் வருவான். ஆளைவிட அந்தப் பேச்சைத் தெரிந்துவைத்துக்கொள்வதுதான் முக்கியம்.

நான் கிளி வளர்க்காதவள் இல்லை. ஆனால் வளர்த்ததெல்லாம் தானாகத் தின்னத் தெரிந்த பெரிய கிளிகள். குஞ்சுக்குக் கையால் ஊட்டிப் பழக்கமில்லை. இதை முதல் போனிலேயே அவனிடம் சொன்னேன். “செல்ஃப் ஆன குஞ்சு இருந்தா சொல்லுங்க தம்பி, காத்திருந்து வாங்கிக்கிறேன்” என்றேன். தானாகத் தின்னப் பழகிய குஞ்சைத்தான் ‘செல்ஃப்’ என்பார்கள். அதற்கு அவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

“ஐயோ அக்கா, அப்படி வாங்காதீங்க. செல்ஃப் ஆயிட்டா அது உங்களைக் கண்டுக்கவே கண்டுக்காது. நீங்களே ஊட்டினாத்தான் பாசம் ஒட்டும். இது எட்டு வாரக் குஞ்சு. ஒரு நாளைக்கு ரெண்டு வேளை ஊட்டுங்க, பக்கத்துல விதை வைங்க, ரெண்டு வாரத்துல தானா சாப்பிடும். சும்மா கத்தினா கொடுக்காதீங்க. பசிச்சாத்தான் பழகும்.”

கூடவே ஒரு வீடியோ. இருபது விநாடி இருக்கும். ஸ்பூனில் மாவு கொடுக்கிறான், குஞ்சு தலையை ஆட்டி ஆட்டி வாங்குகிறது. பின்னால் ஒரு சின்னப் பெண்குழந்தை சிரிக்கிற சத்தம். அந்தச் சிரிப்பில்தான் விழுந்தேன். வீட்டில் குழந்தையோடு வைத்து வளர்க்கிறார்கள், நல்ல மனுஷன் என்று நினைத்தேன். அன்று ராத்திரியே முழுப் பணத்தையும் அனுப்பினேன். இரண்டு மாதச் சம்பளம், ஒரே தடவையில், அட்வான்ஸ்கூடக் கேட்காமல்.

காலில் வளையம் இல்லையே என்று கேட்டேன். “அப்புறமா போட்டுத் தர்றேன்” என்றான். காகிதம்? “அதுவும் வரும்” என்றான். திறந்து மூட முடியாத முழு வளையத்தைக் குஞ்சு சில வாரக் குழந்தையாக இருக்கும்போதுதான் பாதத்தின் வழியாக ஏற்ற முடியும். பாதம் வளர்ந்துவிட்டால் எந்தக் கொம்பனாலும் ஏற்ற முடியாது. ஆப்பிரிக்கன் கிரே 2017 முதல் சைட்டீஸ் என்ற, அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கும் பறவை. வியாபாரத்துக்காகக் காட்டிலிருந்து பிடித்து நாடு விட்டு நாடு கொண்டுபோகத் தடை. எங்கே பிறந்தது என்று சொல்ல வளையமும் காகிதமும் அவ்வளவு முக்கியம். இரண்டும் பிறகு வரும் என்றால் வரவே வராது. இதெல்லாம் இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு அந்த வீடியோவைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை குஞ்சு வந்தது. பெட்டியைத் திறந்ததும் என்னைப் பார்த்துக் கழுத்தை நீட்டிக் கத்தியது. தூக்கினால் எடையே இல்லை, நெஞ்செலும்பு கத்தி மாதிரி விரலில் குத்தியது. சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 268 கிராம். வளர்ந்த கிரே பெரும்பாலும் 400 கிராமுக்கு மேல் இருக்கும். இந்த வயதுக் குஞ்சு கிட்டத்தட்ட அந்த எடையில் கொழுகொழுவென்று இருந்துவிட்டு, பறக்கும் நேரத்தில்தான் கொஞ்சம் இளைக்கும் என்று பிறகு டாக்டரம்மா சொன்னார். அன்று அவனுக்கு போன் செய்தேன். “பயணக் களைப்பு அக்கா, ரெண்டு நாள்ல ஏறிடும்” என்றான்.

கூடவே ஒரு பொட்டலம் அனுப்பியிருந்தான். பெயர் இல்லை, தேதி இல்லை, வெள்ளை மாவு. “இம்போர்ட்டட் ஃபார்முலா அக்கா, லூஸ்ல வாங்குறோம்.” அதைத்தான் அவன் சொன்னபடி ஊட்டினேன். தெர்மாமீட்டர் வைத்து, 40 டிகிரி பார்த்துத்தான் கொடுத்தேன். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏன் என்று கீழே தெரியும்.

ஞாயிறு காலை. கழுத்துக்குக் கீழே இறகெல்லாம் நனைந்து ஒட்டியிருந்தது. ஊட்டும்போது சிந்தியிருக்கும் என்று வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். துடைத்த ஐந்தாவது நிமிடம் மறுபடி ஈரம். மோந்து பார்த்தால் புளித்த வாடை. இறகை விரலால் விலக்கினேன். சட்டைப் பொத்தான் அளவுக்குக் கறுத்த பொருக்கு. அதன் ஓரத்திலிருந்து, நான் பத்து நிமிடம் முன்பு ஊட்டிய மாவு, சொட்டுச் சொட்டாக வெளியே வந்துகொண்டிருந்தது. வாய்வழியாக நான் கொடுக்கிறேன், நெஞ்சுவழியாக அது ஒழுகுகிறது. குஞ்சோ பசியில் இன்னும் கத்துகிறது. அந்தக் காட்சியை என்னால் மறக்க முடியாது.

பறவைகளைப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் ஓடினோம். பார்த்த உடனே சொன்னார், தீனிப்பை வெந்திருக்கிறது. சூடான மாவை ஊட்டினால் கழுத்தடியில் இருக்கும் அந்தப் பையின் உள்சுவர் வெந்துபோகும். 43 டிகிரியைத் தாண்டினாலே ஆபத்து. ஆனால் வெந்த அன்றைக்கு வெளியில் ஒன்றும் தெரியாது. குஞ்சு சாதாரணமாகத்தான் இருக்கும். பல நாள் கழித்துத்தான் செத்த தோல் கறுத்து, பொருக்குத் தட்டி, ஓட்டை விழும். “இந்தப் புண்ணுக்குக் குறைஞ்சது ஒரு வாரம் ஆகியிருக்கும்மா. உங்ககிட்ட வந்தே ரெண்டு நாள்தானே ஆகுது?” என்றார்.

அது மட்டுமில்லை. தீனிப்பைக்குள் பூஞ்சை, அதனால்தான் அந்தப் புளித்த வாடை. எக்ஸ்ரேயில் கால் எலும்பு லேசாக வளைந்திருந்தது. கால்சியம் இல்லை. கிரே குஞ்சுகளுக்குக் கால்சியம் குறைவது சீக்கிரம் வரும் தொல்லை. அந்தப் பொட்டல மாவைக் காட்டினேன். வெறும் அரைத்த தானியம் என்றார். பெரும்பாலான தானியங்களில் கால்சியம் மிகக் குறைவு. குஞ்சு பிறந்ததிலிருந்து அதைத்தான் தின்றிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து அந்த வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தேன், சத்தத்தைக் கூட்டி வைத்து. முதல் விநாடியில் மைக்ரோவேவ் ‘பீப்’ அடிக்கிற சத்தம். கிண்ணத்துக்கு மேலே மெல்லிசாக ஆவி. முதல் ஸ்பூன் வாங்கியதும் குஞ்சு தலையை உதறுகிறது, பின்னால் நகர்கிறது. நான் அதை ஆசையில் ஆடுகிறது என்று நினைத்தேனே! மைக்ரோவேவில் வைத்த மாவு ஒரு பக்கம் ஆறியும் ஒரு பக்கம் கொதித்தும் இருக்கும், நன்றாகக் கலக்காமல் கொடுத்தால் அந்தச் சூட்டில் தீனிப்பை வெந்துவிடும். எந்த வீடியோவைப் பார்த்து நம்பினேனோ, அதிலேயே அது சுடுபட்டுக்கொண்டிருக்கிறது. வீடியோ வந்த தேதியைப் பார்த்தேன். பறவை என் வீட்டுக்கு வருவதற்கு ஏழு நாள் முன்பு.

இதை வைத்துக்கொண்டுதான் அவனிடம் பேசினேன். முதல் நாள், “வெளியில இருக்கேன் அக்கா, சாயங்காலம் கூப்பிடுறேன்.” கூப்பிடவில்லை. மறுநாள், “நீங்க சூடா கொடுத்திருப்பீங்க. புதுசா ஊட்டுறவங்க பண்ற தப்புதான் அக்கா இது.” டாக்டரம்மா எழுதிக் கொடுத்ததைப் படம் எடுத்து அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. நாலு நாள் கழித்து, “எங்க கேரண்டி 24 மணி நேரம்தான். உயிரோடதானே இருக்கு?”

உயிரோடதானே இருக்கு. இதற்கு என்ன பதில் சொல்வது?

தளத்துக்கும் புகார் எழுதினேன். தானாக வருகிற பதில் வந்தது, வாங்கியவரும் விற்றவரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று. இரண்டாவது தடவை எழுதியதற்கு, புகார் முடித்துவைக்கப்பட்டது என்று வந்தது. யார் முடித்தார்கள், எதைப் பார்த்து முடித்தார்கள், ஒன்றும் தெரியாது. அவன் விளம்பரம் இன்றும் அங்கே இருக்கிறது. புதுக் குஞ்சு, அதே ‘எட்டு வாரம், பாசமா ஒட்டும்’.

கடைசியாக ஒரு சமாதானம் சொன்னான் பாருங்கள், அதில்தான் எனக்கு ரத்தம் கொதித்தது. “அதைத் திருப்பி அனுப்பிடுங்க அக்கா, வேற குஞ்சு தர்றேன்.” திருப்பி அனுப்பினால் இதை என்ன செய்வான் என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. பணம் வேண்டாம், வைத்தியச் செலவையாவது கொடு என்றேன். அதற்குப் பிறகுதான் பிளாக். இரண்டு மாதச் சம்பளம் அவனுக்கு, அதற்கு மேல் அரை மாதச் சம்பளம் ஆஸ்பத்திரிக்கு.

புண்ணின் ஓரம் எது நல்ல தோல், எது செத்தது என்று பிரிந்து தெரியும்வரை தையல் போட முடியாது என்று ஒன்பது நாள் காத்திருந்தோம். அதுவரை அந்த ஓட்டையை மூடிப் பிடித்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினேன். ஆபரேஷனில் பையைத் தனியாகவும் தோலைத் தனியாகவும் தைத்தார்கள். பை இப்போது சின்னதாகிவிட்டது, ஒரு வேளைக்கு நிறையக் கொடுக்க முடியாது. அதனால் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, இரவு கடைசி வேளை பதினொன்றரை. காலையில் எழுந்ததும் பையைத் தொட்டுப் பார்ப்பேன். ராத்திரி கொடுத்தது முழுக்க இறங்கிக் காலியாக இருக்க வேண்டும். இறங்காமல் நின்றால் அதன்மேல் புதிதாக ஊட்டாமல் உடனே டாக்டர். காலி வயிற்றில் எடை, நோட்டில் எழுதுவது. 259க்கு இறங்கிப் பிறகு ஏறத் தொடங்கியது. இன்று காலை 311.

தானாகச் சாப்பிட வைப்பது பற்றியும் சொல்ல வேண்டும், அவன் சொன்ன பொய்யிலேயே பெரிய பொய் அதுதான். கிரே குஞ்சு கைத்தீனியை விட 12 முதல் 16 வாரம் ஆகும். சீக்கு விழுந்த குஞ்சுக்கு அதற்கும் மேலே. எட்டு வாரத்தில் இரண்டு வேளை, கத்தினால் கொடுக்காதே என்பது பழக்குவது இல்லை, பட்டினி போடுவது. பாசத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒரு நாள் அதிகமாக வைத்துக்கொண்டால் அவனுக்குத் தீனியும் வேலையும் கூடுதல், செத்தால் நஷ்டம். அந்த நஷ்டத்தை நம் தலையில் கட்டத்தான் பாசம் என்கிறான். செல்ஃப் ஆன குஞ்சும் நன்றாக ஒட்டும், நான் வளர்த்த இரண்டு பெரிய கிளிகளும் அப்படி வந்தவைதான்.

விதைக் கிண்ணத்தைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். முதல் இரண்டு நாளும் கிண்ணம் நிறைய உடைந்த விதை கிடந்தது, சாப்பிடுகிறது என்று சந்தோஷப்பட்டேன். குஞ்சு விளையாட்டுக்கு உடைக்கும், விழுங்காது. எச்சம் கொஞ்சமாக, கரும்பச்சையாக இருந்தால் உள்ளே ஒன்றும் போகவில்லை என்று அர்த்தம்.

இப்போது வேகவைத்த பட்டாணியும் சோளமும் வெதுவெதுப்பாக விரலில் வைத்து நீட்டுகிறோம், பெல்லட்டை (பறவைகளுக்கான தீனி உருண்டை) ஊறவைத்தும் கொடுக்கிறோம். முந்தாநாள் ஒரு பட்டாணியை நாக்கால் உருட்டி, தோலை மட்டும் என் உள்ளங்கையில் துப்பிவிட்டு உள்ளே இருந்ததை விழுங்கியது. ஒரே ஒரு பட்டாணி. நானும் அவரும் அப்படியே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியதை வரிசையாக எழுதுவதாகத்தான் உட்கார்ந்தேன். அடுத்த வேளைக்கு நேரமாகிவிட்டது, அவசரமாகச் சொல்கிறேன். தானாகத் தின்னாத குஞ்சை வாங்கவே வாங்காதீர்கள், யார் என்ன சொன்னாலும். நேரில் போய், குறைந்தது இரண்டு நாள் அது தானாகத் தின்பதைப் பார்த்து, எடை போட்டு வாங்குங்கள். வளையமும் காகிதமும் கையில் வந்த பிறகு பணம். முழுப் பணத்தையும் முன்னால் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே கைக்குஞ்சு வந்துவிட்டதா? தெர்மாமீட்டர் இல்லாமல் ஒரு வேளைகூட ஊட்டாதீர்கள், மைக்ரோவேவ் வேண்டாம், சிரிஞ்சை வேகமாக அழுத்தாதீர்கள், மூச்சுக்குழலில் போனால் நிமிடத்தில் போய்விடும். அவன் அனுப்பிய ஒவ்வொரு வீடியோவையும் தேதியோடு பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஒரு மாதத்துக்குள் ‘எட்டு வாரம், பாசமா ஒட்டும்’ என்ற விளம்பரத்தைப் பார்த்து யாராவது குஞ்சு வாங்கியிருந்தால், இதைப் படித்து முடித்த கையோடு அதன் கழுத்தடி இறகை விலக்கிப் பாருங்கள்.