ஏலக்காய் ஸ்டோர் கணக்கு: டெஸ்க்டாப்பில் ஏழு ஆண்டுகள், உலாவியில் அதற்குப் பின்

போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போடிமெட்டைக் கடந்தால் தொடங்கும் இடுக்கி மாவட்ட மலையில், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் ஒன்றின் கணினிக் கணக்கைப் பார்த்து வருகிறேன். சிறு விவசாயிகள் பச்சைக்காயை எடை போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார்கள். நாங்கள் உலர்த்தித் திருப்பித் தருவோம். நாலைந்து கிலோ பச்சைக்காய்க்கு ஒரு கிலோ உலர்காய்தான் தேறும் என்பதால், யாருடைய காய் எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது என்பதில் சிறு பிசகு இருந்தாலும் அது நம்பிக்கையைத் தொடும் விஷயமாகிவிடும்.

2012இல் விசுவல் பேசிக் 6 என்ற பழைய நிரல்மொழியில் எழுதப்பட்ட டெஸ்க்டாப் மென்பொருள் ஒன்றைக் கொண்டு தொடங்கினோம். கணினி ஒன்று, எழுதுபவர் ஒருவர் என்று இருந்தவரை அதில் குறை சொல்ல எதுவுமே இல்லை. திரை உடனே திறந்தது. விசைப்பலகையை விட்டுக் கை எடுக்காமல் ஒரு சீட்டை முடிக்க முடிந்தது. பெயர்கள் மட்டும் பாமினி எழுத்துருவில் இருந்தன. திரையில் ‘முருகன்’ என்று தெரிந்தாலும், தரவுக்குள் அது ஆங்கில எழுத்துகளின் குவியலாகத்தான் கிடந்தது. மலையாளத்தில் பெயர் எழுதும் விவசாயிகளின் பெயரை அந்த மொழியிலேயே பதிய வழியே இல்லாமல் இருந்தது.

வரத்து பெருகி இரண்டாவது எடைமேடை வைத்தபோதுதான் சிக்கல் வந்தது. தரவுதளக் கோப்பைப் பகிர்வுக் கோப்புறையில் வைத்து, இரண்டாவது கணினியை வைஃபை வழியாக இணைத்தோம். அத்தகைய ஏற்பாட்டில் ஒவ்வொரு கணினியும் கோப்பின் பக்கங்களை நேரடியாகத் திறந்து எழுதுகிறது. எழுதிக்கொண்டிருக்கும் நடுவில் இணைப்பு அறுந்தால் பாதி எழுதிய பக்கம் அப்படியே நின்றுவிடும். ஒரு மழைநாள் மாலையில் எங்களுக்கும் அதுதான் நேர்ந்தது. கோப்பு திறக்க மறுத்தது. அன்றைய எடைகளைக் கரிநகல் சீட்டுகளிலிருந்து மறுபடி ஏற்றி முடிக்க நள்ளிரவாகிவிட்டது. கோப்பைப் பொதுவில் வைத்த ஏற்பாடு என்னுடையது என்பதால் அந்த இரவு எனக்கு ஆழமாகப் பதிந்தது.

2019இல் பைத்தான் நிரல்மொழியும், அதில் வலைச்செயலி எழுத உதவும் ஜாங்கோவும் கொண்டு, ஸ்டோரின் உள்வலைக்கு மட்டுமான மென்பொருளாக மாற்றி எழுதினேன். தரவு, தரவுதளம் முழுவதையும் ஒரே கோப்பாக வைக்கும் எஸ்கியூலைட்டில் இருக்கிறது. அந்தக் கோப்பைத் தொடுவது ஸ்டோர் அறையிலுள்ள சர்வர் கணினி மட்டுமே. எடைமேடைக் கணினிகள் உலாவியைத் திறந்து அதனிடம் கேட்கின்றன, அவ்வளவுதான். நடுவில் வைஃபை அறுந்தால் அந்த ஒரு சீட்டை மறுபடி அனுப்ப வேண்டியிருக்கும். கோப்புக்கு ஒன்றும் ஆகாது. இணைய இணைப்பு எதுவும் இதற்குத் தேவையில்லை என்பது மழைக்காலத்தில் வெளியுலகத் தொடர்பே அறுந்துபோகும் எங்கள் மலைக்குப் பெரிய ஆறுதல். எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனிக் குறியெண் தரும் யூனிகோடு என்பதால் தமிழ்ப் பெயரும் மலையாளப் பெயரும் ஒரே பட்டியலில் நிற்கின்றன. இரண்டிலும் தேட முடிகிறது.

ஆனால் முதல் வாரம் வேதனையாக இருந்தது. எடை போடும் அண்ணன் இடக்கையால் சாக்கைப் பிடித்துக்கொண்டு வலக்கையால் எண் விசைகளைத் தட்டுபவர். பழைய மென்பொருளில் என்டர் விசை அடுத்த கட்டத்துக்கு நகர்த்தும்; உலாவியின் படிவத்திலோ அது படிவத்தையே அனுப்பிவிடும். "தம்பி, நான் என்டர்தானே தட்டினேன், சீட்டு ஏன் மூடிக்கிச்சு?" என்று அவர் கேட்டபோது, ஈரப்பதமும் அறை எண்ணும் நிரப்பப்படாத பல சீட்டுகள் பதிவாகியிருந்தன. பழைய வழக்கப்படி சேமிப்பதற்காக அவர் எஃப்5 தட்டினால், பக்கம் புதுப்பிக்கப்பட்டு எழுதியதெல்லாம் போய்விடும். இரண்டு விசைகளையும் பழையபடி இயங்க வைக்கச் சில வரி ஜாவாஸ்கிரிப்ட் போதுமாக இருந்தது. அதை முதல் நாளே செய்யாதது என் தவறு. எழுதுபவரின் கைப்பழக்கத்துக்கு மதிப்புக் கொடுக்காத திரை எத்தனை நவீனமாக இருந்தாலும் நல்ல திரை ஆகாது என்றே நினைக்கிறேன்.

அச்சடிப்பிலும் டெஸ்க்டாப்பே மேல். டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறிக்கு அது எழுத்துகளை நேரடியாக அனுப்பும். உலாவி முழுப் பக்கத்தையும் படமாக்கி அனுப்புவதால் ஒரு சீட்டுக்கு நெடுநேரம் இழுக்கும். இப்போது எண்கள் மட்டுமான எடைச்சீட்டைச் சர்வரே நேரடியாக அச்சுப்பொறிக்கு அனுப்புகிறது. பெயர்கள் வரும் வாரப் பட்டியலை மட்டும் உலாவியிலிருந்து லேசரில் எடுக்கிறோம்.

சர்வர் நின்றால் இரண்டு மேடைகளும் நின்றுவிடும் என்பது இந்த முறையின் மெய்யான பலவீனம். அதற்காக யுபிஎஸ் ஒன்றும், கையெழுத்துச் சீட்டுப் புத்தகம் ஒன்றும் எப்போதும் தயாராக வைத்திருக்கிறோம். இரவில் எடுக்கப்படும் நகல் பென் டிரைவில் ஏறிச் சனிக்கிழமை ஜீப்பில் போடிக்கு இறங்குகிறது.

சென்ற ஆண்டு எங்கள் உறவினர் ஒருவர் தம் சிறு ஸ்டோருக்கும் இதையே கேட்டார். அங்கே ஒரே கணினி. எழுதுபவரும் அவர் ஒருவர்தான். அதனால் டெஸ்க்டாப் திரைகள் எழுத உதவும் கியூட்டி (Qt) என்ற கருவித்தொகுப்பில் ஒரு திரை எழுதிக் கொடுத்தேன். யூனிகோடு அதிலும் இருக்கிறது, என்டர் விசை அடுத்த கட்டத்துக்கு நகரும்படியும் எழுதிவிட்டேன். அட்டவணை அமைப்பு மட்டும் எங்கள் ஸ்டோரில் இருப்பதேதான். அவர் இரண்டாவது எடைமேடை வைக்கும் நாளில், அந்த எஸ்கியூலைட் கோப்பை அப்படியே எடுத்துச் சர்வரின் கீழ் வைத்தால் போதும்.